‘வேணாம்’ பொத்தான்

என் மகள் பேசமாட்டாள். பிறக்கும்போது மூச்சுத்திணறல் ஏற்பட்டு மூளையில் ஓர் ஓரம் பாதிக்கப்பட்டுவிட்டது. கையும் காலும் நாக்கும் அவள் நினைக்கிறபடி அசைவதில்லை. நாம் பேசுவது அத்தனையும் அவளுக்குப் புரியும். புரிகிறது என்று மற்றவர்களை நம்பவைப்பதுதான் எங்கள் வீட்டின் நெடுநாள் வேலையாக இருந்தது.

அவளைப்போன்ற பிள்ளைகளுக்காக ஒரு செயலி இருக்கிறது. டேப் என்கிற கையடக்கக் கணினியின் திரையில் சின்னச் சின்னப் படங்கள் கட்டம் கட்டமாக வரும். தண்ணீர்ப் படத்தை அழுத்தினால் ‘தண்ணி’ என்று ஒரு பெண்குரல் சொல்லும். இரண்டு மூன்று படங்களை வரிசையாக அழுத்தினால் ஒரு பேச்சாகிவிடும். இதைச் செய்கிறவர்கள் கம்பெனிக்காரர்கள் இல்லை. பல நாடுகளில், வேறு வேறு வேலையில் இருப்பவர்கள், தங்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து செய்கிறார்கள். உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், எடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஆரம்பித்தவர் பிரான்சில் துலூஸ் நகரத்துக்காரர். பேச முடியாத தன் தம்பிக்காக ஆரம்பித்தாராம்.

எனக்கு அது கிடைத்தது பிரெஞ்சு மொழியால். நான் நகருக்குள் ஒரு மொழிபெயர்ப்புக் கடையில் வேலை செய்கிறேன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களின் எத்தா சிவில் காகிதங்கள், அதாவது பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கும் எங்கள் கடை வழியாகத்தான் போகும். ஒரு நாள் மதியம் வேலை குறைவாக இருந்தபோது பேசாத பிள்ளைகளைப் பற்றிப் பிரெஞ்சில் தேடினேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிச் சலித்துப்போயிருந்த காலம். இந்தச் செயலி வந்து நின்றது. தமிழும் இருக்கிறது என்று ஓரத்தில் போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே அவளுடைய டேப்பில் ஏற்றினேன். மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், பாயில் உட்கார்ந்து, அவள் முதன்முதலில் சொன்னது இதுதான்: ‘மாடு பல் செருப்பு’. அவள் சொல்ல வந்தது அது இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. விரல் நடுங்கி, ஒரு படத்துக்குப் போகிற வழியில் வேறு படங்களைத் தொட்டுவிடுகிறது. ஒரு வாரம் முயன்றாள். பிறகு டேப்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் செயலிக்கு ஒரு பொதுப் பக்கம் உண்டு. பயன்படுத்துகிறவர்கள் யார் வேண்டுமானாலும் அதில் யோசனை எழுதிப் போடலாம். மற்றவர்களுக்கும் அது பிடித்திருந்தால் கீழே கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போவார்கள். நான் பிரெஞ்சில் எழுதினேன்: பொத்தான்களைப் பெரிதாக்குங்கள், என் மகளால் இவற்றை அழுத்த முடியவில்லை.

துலூஸ்காரர் பதில் எழுதினார். செய்கிறேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ‘மதாம், உங்கள் மகள் ஒரு பொத்தானை அழுத்தும்போது சரியாக என்ன நடக்கிறது? விரல் எங்கே இறங்குகிறது, எங்கே போய் நிற்கிறது? பார்த்துச் சொல்ல முடியுமா?’

எனக்கு எரிச்சல் வந்தது. கேட்டது ஒன்று. இந்த மனிதர் ஆஸ்பத்திரியில் கேட்பதுபோலக் கேள்வி கேட்கிறார்.

என் வீட்டுக்காரர் மின்துறையில் லைன் வேலை பார்ப்பவர். அவரிடம் படித்துக் காட்டினேன். “அவனுக்குச் செய்யறதுக்கு இஷ்டமில்ல. அதான் சுத்தி வளைக்கிறான்” என்றார். “விட்டுத் தள்ளு மதாம்” என்று சிரித்தார். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

விடவில்லை. மகளைக் கெஞ்சி மறுபடியும் டேப்பின் முன்னால் உட்காரவைத்து, அவள் விரலையே பார்த்தேன். அது முதலில் எங்கோ ஓர் இடத்தில் இறங்குகிறது. பிறகு கண்ணாடிமேல் வழுக்கிக்கொண்டே சரியான படத்துக்குப் போகிறது. அங்கேதான் தூக்குகிறாள். செயலியோ விரல் இறங்கின உடனேயே பேசிவிடுகிறது. அவள் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தாள். அவசரப்பட்டது செயலி.

இதை எழுதினேன். சில நாட்களில் மாற்றி அனுப்பினார். விரல் எங்கே இறங்கினாலும் பேசாது, எங்கே தூக்குகிறோமோ அந்தச் சொல்லைத்தான் பேசும். நான் கேட்டபடி பொத்தான்களைப் பெரிதாக்கியிருந்தால் ஒரு பக்கத்தில் பாதிச் சொற்கள் காணாமல் போயிருக்கும்.

அது வந்த அன்று என் வீட்டுக்காரர் வேலை முடிந்து உள்ளே வந்தார். கம்பம் ஏறிய சட்டை, முழுக்கக் கிரீஸ். மகள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மெதுவாக, ஒவ்வொன்றாக மூன்று படத்தை அழுத்தினாள். “அப்பா. சட்டை. அழுக்கு.”

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். “இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு” என்றார். அவள் மறுபடியும் சொன்னாள். சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பனியனோடு போய், தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் நான் அந்தக் கூட்டத்தை விட்டு எங்கே போவேன்?

தமிழ்ச் சொற்களை எடுத்துச் சரிபார்க்கத் தொடங்கினேன். யாரோ ஒரு நல்லவர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்திருந்தார். ‘உணவு’, ‘நீர்’, ‘குளியலறை’, ‘வேண்டாம்’. எந்த வீட்டில் பிள்ளை ‘எனக்கு உணவு வேண்டும்’ என்று கேட்கிறது? சோறு என்றும் தண்ணி என்றும் வேணாம் என்றும் மாற்றினேன். உடனே ஒரு பெரியவரிடமிருந்து கண்டனம் வந்தது. பிள்ளைகளின் தமிழைக் கெடுக்கிறேனாம். நான் கோபப்படவில்லை. ‘ஐயா, வீட்டில் யாராவது இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்ற வந்தால் நீங்கள் என்ன சொல்லித் தடுப்பீர்கள்?’ என்று கேட்டு எழுதினேன். ஒரு வாரம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: ‘வேணாம் என்றுதான்.’ அதே மனிதர் பின்னாளில் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு தனிச் சொல் வரிசையே செய்து கொடுத்தார். இன்றுவரை அதைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான்.

இந்த மாதிரி நான் எழுதும் பதில்களைத் துலூஸ்காரர் கவனித்திருக்கிறார். யோசனைப் பக்கத்தை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

‘எனக்குக் கணினி நிரல் எழுதத் தெரியாதே’ என்று எழுதினேன்.

‘நிரல் எழுத எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். பதில் எழுதத்தான் ஆள் இல்லை’ என்றார்.

உண்மைதான். திறந்து பார்த்தால் பதில் இல்லாமல் கிடந்தவை மலையாக இருந்தன. பின்னணி நீலமாக வேண்டும், பச்சையாக வேண்டும். சரியாக அழுத்தினால் கைதட்டல் சத்தம் வர வேண்டும். வரவே கூடாது, பிள்ளை பயப்படுகிறது. கிரிக்கெட் படம் வேண்டும். ஒருவர் கேட்பது இன்னொருவருக்குத் தொல்லை. நிரல் எழுதுகிறவர்கள் தங்களுக்குச் சுவாரசியமாகத் தெரிந்ததை மட்டும் எடுத்துச் செய்துவிட்டு மீதியை அப்படியே விட்டிருந்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. சம்பளமா வாங்குகிறார்கள்?

காலையில் மகளை வண்டி ஏற்றி அனுப்பிவிட்டுக் கடைக்குப் போகும் முன் கொஞ்ச நேரம், கடையில் ஆள் வராத மதியத்தில் கொஞ்ச நேரம், பழையதிலிருந்து தொடங்கினேன். எல்லோருக்கும் பதில். முடியாது என்றால் முடியாது என்று, காரணத்தோடு. கேட்டவர் அது சரியில்லை என்று திரும்ப எழுதினால் அதையும் படிப்பேன். எங்கள் கடையில் ஒரு காகிதத்தை ‘இது செல்லாது’ என்று திருப்பிக் கொடுக்கும்போது ஏன் செல்லாது, எங்கே போய் எதை வாங்கி வர வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புவோம். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுத்தது.

ஒருவர் மட்டும் வைதுகொண்டே இருந்தார். வளைகுடாவில் வேலை செய்யும் ஓர் அப்பா. ‘இது குப்பை. ஓசியில் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும்.’ எல்லா யோசனைகளுக்குக் கீழேயும் போய் இதையே எழுதுவார். என்ன நடக்கிறது என்று நான் கேட்டேன். பதிலுக்கு இன்னொரு வசவு வந்தது. மறுபடியும் கேட்டேன். கடைசியில் சொன்னார். ஊரிலிருக்கும் மகனை அவர் வீடியோ காலில்தான் பார்க்கிறார். பையன் டேப்பில் எதையோ அழுத்துவது தெரிகிறது. ஆனால் அழைப்பில் இருக்கும்போது செயலியின் குரல் மட்டும் எதிர்முனைக்குப் போகவில்லை. ‘எல்லாரிடமும் பேசுகிறான். என்னிடம்தான் பேசவில்லை’ என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்த பிரேசில்காரர் ஒருவர், தன் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு அதைச் செய்துகொடுத்தார். சரியான பிறகு அந்த அப்பா எழுதினார்: ‘என் மகன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, போதும்.’ சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார். அன்று கடையில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து முதலாளி என்னவென்று கேட்டார். சொன்னேன். அதிலிருந்து வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம், “இவங்கள சாதாரணமா நெனைக்காதீங்க, பிரான்சுக்கே பதில் சொல்றவங்க” என்று என்னைக் காட்டுவார். வெட்கமாக இருக்கும். அவர் சொல்லாமல் விட்ட நாளில் ஏன் சொல்லவில்லை என்றும் இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

‘வகுப்பு நேரத்தில் வேணாம் என்கிற பொத்தானை மறைத்துவைக்க ஒரு வழி வேண்டும். ஒரு மாணவி எதைக் கொடுத்தாலும் அதையே அழுத்துகிறாள். பாடம் நடத்த முடியவில்லை.’

எழுதியவர் யார் என்று பார்க்கும் முன்பே புரிந்துவிட்டது. அந்த மாணவி என் மகள். எழுதியவர் லாஸ்பேட்டையில் அவள் படிக்கும் சிறப்புப் பள்ளியின் மிஸ்.

அந்த மிஸ்ஸைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். தினமும் ஸ்கூட்டரில் வருகிறவர். வகுப்பில் டேப் கூடாது என்று பள்ளியில் சொன்னபோது, “கண்ணாடி போட்ட புள்ளைய கண்ணாடிய கழட்டி வச்சுட்டு வான்னு சொல்லுவீங்களா?” என்று சண்டை போட்டு அனுமதி வாங்கியவர். என் மகள் அந்த வகுப்பில் வாய் திறந்ததற்கு அவர்தான் காரணம். வேறு யாராவது இந்த யோசனையை எழுதியிருந்தால் எனக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

கட்டைவிரல்கள் மளமளவென்று உயர்ந்தன. வேறு நாட்டு ஆசிரியர்கள், பயிற்சியாளர்கள், பெற்றோர்கள். எங்கள் வகுப்பிலும் இதே கதைதான், எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அந்தப் பக்கத்தில் அதுவரை எந்த யோசனைக்கும் இத்தனை ஆதரவு வந்ததில்லை. நிரல் எழுதுகிற ஒருவர், ‘ஒரு மதிய நேர வேலை, சொன்னால் முடித்துவிடுகிறேன்’ என்று எழுதிவிட்டார். துலூஸ்காரர் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. தனியாகக் கேட்டதற்கு, ‘மதாம், பக்கம் உங்களுடையது’ என்றார்.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“இதுல யோசிக்க இன்னா இருக்கு? ஒரு பொத்தான மறைக்கணும், அவ்ளோதானே?”

“மறைச்சுட்டா அவ எப்படிங்க வேணாம்னு சொல்லுவா?”

“மூஞ்சியத் திருப்பிக்குவா. முன்னாடி அப்படித்தானே சொல்லினு இருந்தா?”

“அப்ப நாம கேட்டமா?”

அவர் மகளுக்காகச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். டேப் சார்ஜில் கிடந்தது.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. தினமும் காலையில் அவள் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நரம்பு இறுகிவிடும். அவளுக்கு அது பிடிக்காது. ‘வேணாம், வேணாம், வேணாம்’ என்று அந்தப் பெண்குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் காலை நீட்டிக்கொண்டே இருப்பேன். அந்தப் பொத்தான் இல்லாவிட்டால் காலை நேரம் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். ஆனால் அவள் வேணாம் என்பதைக் காதில் வாங்கிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம்தான்டி கண்ணு” என்று பதில் சொல்லிக்கொண்டே காலை நீட்டுவது வேறு. அவள் குரலை அடைத்துவிட்டு நீட்டுவது வேறு.

பதில் எழுதும் முன் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மற்றவர்களிடமெல்லாம் என்ன நடக்கிறது என்று கேட்கிற நான், பக்கத்திலிருக்கும் பள்ளிக்குப் போய்ப் பார்க்காமல் எப்படி முடிவு சொல்வது? கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மிஸ்ஸிடம் அனுமதி கேட்டு, வகுப்பின் கடைசியில் குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன்.

“நீங்க பாருங்கக்கா. அப்பதான் உங்களுக்குத் தெரியும்” என்றார் மிஸ். அவர் என்னைவிட வயதில் சின்னவர்.

கலர் வளையங்களை மேசைமேல் பரப்பினார். “செவப்பு எது? எடு பாக்கலாம்.”

“வேணாம்” என்றது டேப்.

“நீலம்?”

“வேணாம்.”

குரலில் கோபமோ சலிப்போ இருக்காது. இயந்திரம்தானே. ஒரே தொனியில் வந்துகொண்டே இருந்தது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். மிஸ் பொறுமையாகத்தான் இருந்தார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே கத்தியிருப்பேன்.

இடைவேளை விட்டதும் டேப்பை வாங்கிப் பார்த்தேன். பாடத்துக்காக மிஸ் திறந்துவைத்திருந்த பக்கம் அது. நிறங்கள், வடிவங்கள், மூலையில் ‘வேணும்’, ‘வேணாம்’. அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை ஆதியில் அமைத்தவர்கள் நாங்கள்தான். பாடம் நடக்கும்போது ஒரு பிள்ளைக்குச் சொல்வதற்கு வேறு என்னவெல்லாம் இருக்கும் என்று நாங்கள் எவருமே யோசித்திருக்கவில்லை.

“மிஸ், இதுல இன்னும் நாலு வார்த்த சேத்துப் பாக்கட்டுமா?”

“சேருங்கக்கா.”

‘வேற’, ‘அப்புறம்’, ‘வலிக்குது’. இந்த மூன்றையும் யோசித்துத்தான் போட்டேன். வளையத்தைப் பிடிக்கும்போது விரல் வலிக்கிறதோ என்பதுதான் என் சந்தேகம். நான்காவதாகத் ‘தெரியும்’ என்ற சொல்லைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால் என்னிடம் நல்ல காரணம் கிடையாது. ஒரு கட்டம் காலியாக இருந்தது.

இடைவேளை முடிந்தது. மறுபடியும் வளையங்கள் வந்தன. “செவப்பு எது?”

மகள் புதுப் படங்களை நெடுநேரம் பார்த்தாள். விரல் எங்கோ ஓரத்தில் இறங்கியது. வழுக்கிக்கொண்டே ‘வலிக்குது’ பக்கமாகப் போனது. அதையும் தாண்டிப் போய்த் தூக்கினாள்.

“தெரியும்.”

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். “நீலம்?”

“தெரியும்.”

“மஞ்ச?”

“தெரியும். தெரியும். தெரியும்.”

மிஸ் கையிலிருந்த வளையத்தை டப்பாவுக்குள் போட்டார். “எத்தினி நாளாடி தெரியும்?”

அதற்குப் பதில் சொல்ல அந்தப் பக்கத்தில் பொத்தான் இல்லை. மகள் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் உடம்பு முழுவதும் குலுங்கும், நாற்காலியும் சேர்ந்து ஆடும். மிஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தார்.

“சரி. அப்ப உனக்கு இன்னாதான் வேணும்? சொல்லு.”

“வேற.”

வகுப்பு முடிந்ததும் மிஸ் என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. “போன வருஷத்துலேர்ந்து அதே வளையத்தயே தூக்கிட்டு வரேன்கா. அவளுக்கு எவ்ளோ வெறுப்பா இருந்திருக்கும்?”

“நானும் வீட்ல அதே படத்தத்தான் காட்டினு இருந்தேன் மிஸ். அவ சொல்றதுக்கு வார்த்த குடுத்தாதானே நமக்குத் தெரியும்?”

“அந்த யோசனைய நான் எடுத்துடறேன்கா.”

“எடுக்காதீங்க. அது அங்கயே இருக்கட்டும். நான் பதில் எழுதறேன். இன்னைக்குப் பாத்தத நீங்க கீழ எழுதுங்க. நான் சொன்னா அம்மா சொல்றான்னுதான் நெனைப்பாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

மறுநாள் நான் பதில் எழுதினேன். பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதினேன். ஆங்கிலத்திலும் மற்ற மொழிகளிலும் மற்றவர்கள் மாற்றிப் போட்டார்கள். இதுவரை நான் எழுதியதிலேயே நீளமான பதில் அதுதான். இந்தப் பக்கத்தில் யோசனை எழுதுகிற நாம் எல்லோரும் பேசத் தெரிந்தவர்கள். செயலி யாருக்காக இருக்கிறதோ, அவர்களால் இங்கே வந்து எழுத முடியாது. கட்டைவிரலை உயர்த்தவும் முடியாது. அவர்களிடமிருந்து நமக்கு வருகிற ஒரே யோசனை அந்த ‘வேணாம்’தான். அதை மறைக்க வழி செய்யமாட்டோம். அதற்குப் பதிலாக, எந்தப் பாடத்துக்கு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வேற, அப்புறம், வலிக்குது, தெரியும் என்ற நான்கும் கூடவே வரும், எல்லா மொழியிலும். இதுதான் நான் எழுதியதன் சாரம்.

அதற்குக் கீழே மிஸ் தான் பார்த்ததை எழுதினார். அலங்காரம் இல்லாமல், வளையங்களைப் பற்றியும், தான் கேட்டதைப் பற்றியும், அவள் சொன்னதைப் பற்றியும். கடைசியில், ‘இந்த யோசனையை எழுதியது நான்தான். மறுக்கப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சி’ என்று முடித்திருந்தார். உயர்ந்த விரல்களில் பல மெல்ல இறங்கின. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எல்லாம் இறங்கவில்லை. சிலர் கடுமையாக எழுதினார்கள். வீட்டில் உட்கார்ந்துகொண்டு வகுப்பறைக்குச் சட்டம் போடுகிறேன் என்றார்கள். எங்கோ ஒரு நாட்டில் ஒரு பயிற்சி மையம், செயலியை அப்படியே நகலெடுத்து, பொத்தானை மறைக்கும் வசதியைச் சேர்த்து, வேறு பெயரில் வெளியிட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தடுக்க முடியாதா என்று துலூஸ்காரரிடம் கேட்டேன்.

‘முடியாது மதாம். முடியவும் கூடாது. நாளைக்கு நான் ஒரு தவறான முடிவு எடுத்தால் நீங்களும் இதே மாதிரி எடுத்துக்கொண்டு போகலாம். அந்த உரிமை உங்களுக்கு இருக்க வேண்டுமென்றால் அவர்களுக்கும் இருக்க வேண்டும்.’

அவர் சொன்னது சரி. ஆனாலும் அந்த நகல் இன்னும் எங்கோ இருக்கிறது. அதை வைத்திருக்கும் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

எங்கள் நான்கு சொற்கள் அடுத்த பதிப்பில் எல்லா மொழிகளுக்கும் போயின. ஒவ்வொரு மொழிக்காரரும் தங்கள் சொல்லைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை. எழுத்துகூடப் படிக்கத் தெரியாத மொழிகளில் ‘தெரியும்’ படத்தின்கீழ் ஏதோ எழுதியிருக்கும். அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். லாஸ்பேட்டையில் ஒரு வகுப்பில், என் மகள் விரலை எங்கே தூக்கினாளோ, அதுதான் அங்கே இருக்கிறது. என் வீட்டுக்காரர் இதைத் தன் ஆபீசில் சொல்லிச் சொல்லி, அங்கே இப்போது யார் எதை விளக்க வந்தாலும் மற்றவர்கள் இயந்திரக் குரலில் ‘தெரியும்’ என்று சொல்லிக் கிண்டல் செய்கிறார்களாம்.

இப்போது மகள் பெரிய பெண்ணாகிவிட்டாள். படங்களோடு எழுத்துகளையும் அழுத்தி வாக்கியமே எழுதுகிறாள். மெதுவாகத்தான் வரும். அவசரப்படுத்தினால் முறைப்பாள்.

சமீபத்தில் ஒரு காலை, கடைக்குக் கிளம்பும் முன் யோசனைப் பக்கத்தைத் திறந்தேன். புதிதாக ஒன்று வந்திருந்தது. எங்கள் வீட்டுக் கணக்கிலிருந்தே வந்திருந்தது.

‘நான் எழுதறத எல்லாம் அம்மா படிக்கிறாங்க. அம்மா பாக்க முடியாத ஒரு பக்கம் வேணும்.’

அதற்குள் யார் யாரோ கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அடுத்த அறைக்குப் போனேன். சக்கர நாற்காலியில் ஜன்னல் பக்கம் திரும்பி, என்னைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“நீயாடி போட்ட?”

“ஆமா.”

“என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?”

கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு பதில் எழுதினாள். “உன் மேலதான புகார்.”

நியாயம்தான். துலூஸ்காரருக்கு எழுதினேன்: ‘இந்த ஒன்றை நீங்கள் பாருங்கள். நான் இதில் எதிர்க்கட்சி.’ இயந்திர மொழிபெயர்ப்பின் துணையோடு அவர் நேராக அவளிடமே பேசினார். அவள் காலை முழுவதும் உட்கார்ந்து பதில் எழுதினாள். நான் உதவிக்கும் போகவில்லை, எட்டியும் பார்க்கவில்லை. சில பெற்றோர்கள் பயந்தார்கள். பிள்ளைக்கு ஏதாவது கெட்டது நடந்து, அதை அந்தப் பக்கத்தில் எழுதி மறைத்துவைத்தால் நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. அதற்கு என் மகள் எழுதிய பதில் பொதுப் பக்கத்தில் இருக்கிறது: ‘எனக்குச் சொல்லணும்னு தோணினா சொல்லுவேன். நீங்க எல்லாரும் அப்படித்தானே?’ வாதம் சில வாரங்கள் நடந்தது. கடைசியில் செய்வதென்று முடிவாயிற்று.

“உலகமே பாக்கற எடத்துல நம்ம மேலயே புகார் எழுதி வச்சிருக்கா, தெரியுமா?” என்று என் வீட்டுக்காரர் அவர் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். குரலைக் கேட்டால் ஏதோ கலெக்டர் ஆகிவிட்டாள் என்று சொல்வதுபோல இருந்தது.

புதுப் பதிப்பு வந்த அன்று, டேப்பை அவள் நாற்காலியில் மாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். சாதம் வடிக்கும் வரை அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. குரலை நிறுத்திவிட்டு எழுதுகிறாள் என்று புரிந்தது. நான் உள்ளே நுழைந்ததும் விரலை ஓரமாக நகர்த்தித் தூக்கினாள், திரை மாறியது. பழங்களின் படம் வந்து நின்றது.

“இன்னா எழுதின?”

“வாழப்பழம்” என்றாள்.

சரி என்று ஒரு வாழைப்பழத்தை மசித்து ஊட்டிவிட்டு, கடைக்குக் கிளம்பினேன்.